பள்ளியில் மணி அடித்துப் பார்த்தோம், பின்கேட் சாவி கிடைக்கவில்லை: இனி என்ன செய்யலாம்?

வடக்குத்தெரு அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆள் எடுத்த அன்று நான் கடைசியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ என் பெயரைச் சொல்ல, எழுதிக்கொண்டுவிட்டார்கள். தொழில், மோட்டாருக்குக் காயில் கட்டுவது. மீட்டிங்குக்குப் போனால் டீயும் பிஸ்கட்டும் வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். இதுவரை என் சேவை அவ்வளவுதான்.

போன புதன்கிழமை தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தார்கள். மைதானத்தில் தகரத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துக் காட்டினார்கள், தீயணைப்பு சிலிண்டரால் ஒருமுறை அடித்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. போட்டோ எடுத்தாயிற்று, வண்டி கிளம்பிவிட்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஹெச்.எம். மேடத்திடம், நிஜமாகவே மாடியில் புகை வந்தால் பிள்ளைகள் எப்படி இறங்குவார்கள், ஒருமுறை மணி அடித்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷி. மறுநாள் மூன்றாவது பீரியடில் அடிக்கச் சொல்லிவிட்டார்.

மணி அடித்தது. எட்டாம் வகுப்பு இன்டர்வல் என்று நினைத்துத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடியது. ஆறாம் வகுப்பு டீச்சர், "இப்போ எதுக்கு மணி, உட்காருங்க" என்று பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டார். மாடியில் 9, 10 வகுப்புகளும் கம்ப்யூட்டர் அறையும் இருக்கின்றன, படிக்கட்டு ஒன்றே ஒன்று. அங்கிருந்து இறங்கியவர்கள் பக்கத்தில் இருக்கிற பின்கேட்டுக்குப் போனார்கள். பூட்டு. சாவி எங்கே? துப்புரவு வேலை பார்க்கிற அக்காவிடம். அக்கா எங்கே? ரேஷன் கடையில். எங்கள் பள்ளிக்குக் காவலாளி கிடையாது, கேட்டைத் திறந்து போட்டால் வெளியாள் வருகிறான், மாடு வருகிறது என்று அந்த அக்காவிடம் சாவியைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் மைதானத்துக்கு வந்து சேர 11 நிமிடம் ஆனது. வந்து சேர்ந்தவர்களை யாரும் எண்ணவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கழிப்பறையில் இருந்திருக்கிறான். எல்லாம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது வெளியே வந்து, "எல்லாரும் எங்க போனீங்க?" என்று கேட்டான். சிரித்துவிட்டோம். ராத்திரி படுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெயின் போர்டு இருக்கிற மூலையில் உடைந்த பெஞ்சுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். ஷாக் அடித்தால் தானாக விழுகிற ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தேன், அது விழவே இல்லை. அதை நான் மாற்றிவிடுவேன், என் வேலைதான். மற்றதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? ஹெச்.எம்.மோடு சண்டை போடாமல், பெரிய செலவு இல்லாமல் என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய சைரன்:

தம்பி, நான் தீயணைப்புத் துறையில் 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பள்ளியில் செய்ததுபோல தட்டில் டீசல் ஊற்றி நூறு பள்ளியில் கொளுத்திக் காட்டியிருப்பேன். "மணி அடித்துப் பார்க்கலாமா" என்று கேட்ட பெற்றோர் எனக்கு நினைவு தெரிந்து இரண்டு பேர்தான். சாவி இல்லாத விஷயம் ஒத்திகையில் தெரிந்ததே என்று சந்தோஷப்படுங்கள்.

எங்கள் துறையில் 2004 ஜூலை 16ஐ மறந்தவன் கிடையாது. கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, மாடியில் இருந்த வகுப்பில் இறங்கியது. 94 குழந்தைகள். இறங்க இருந்தது குறுகலான படிக்கட்டு. அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள், நல்லது. ஆனால் கீற்று போனதோடு ஆபத்தும் போய்விட்டதாக நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். காங்கிரீட் கட்டடத்திலும் பிள்ளைகளைக் கொல்வது புகையும் நெரிசலும்தான். குறுகலான படியும் பூட்டிய கேட்டும் அப்படியே இருக்கின்றன. 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதிதான் என்று தீர்ப்புச் சொல்லி, தீயணைப்புச் சாதனம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாவற்றையும் கட்டாயமாக்கியது. ஹெச்.எம்.மிடம் பேசும்போது அதைச் சொல்லுங்கள், சண்டையாக இருக்காது, சட்டமாக இருக்கும்.

சாவியிலிருந்து ஆரம்பியுங்கள். பள்ளி நடக்கிற நேரத்தில் எந்த வழியிலும் பூட்டு தொங்கக்கூடாது. வெளியாள் வருகிறான் என்றால் உள்பக்கம் தாழ்ப்பாள் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை கை எட்டுகிற உயரத்தில். மாடு தாழ்ப்பாளைத் திறக்காது. முடியவே முடியாது, பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மூன்று சாவி: ஒன்று ஹெச்.எம். அறையில் கதவுக்குப் பக்கத்து ஆணியில், சிவப்பு ரிப்பன் கட்டி. ஒன்று பி.டி. சாரின் விசில் கயிற்றில். ஒன்று அந்த அக்காவிடமே இருக்கட்டும்.

அப்புறம் மணி. இன்டர்வலுக்கும் ஆபத்துக்கும் ஒரே மணி அடித்தால் எட்டாம் வகுப்பு குழாய்க்குத்தான் ஓடும், அவர்கள் மேல் தப்பில்லை. விடாமல் அடிக்கிற மணி என்றால் இறங்கு என்று ஒரே அர்த்தம் இருக்கவேண்டும். கரண்ட் பெல்லை நம்பவேண்டாம், தீ என்றால் நீங்களே முதலில் மெயினைத்தான் இறக்குவீர்கள். பழைய தண்டவாளத் துண்டு எங்காவது கிடந்தால் தொங்கவிடுங்கள்.

இறங்குகிற வரிசை முக்கியம். படிக்கட்டுக்குப் பக்கத்து அறை முதலில், கடைசி அறை கடைசியில். கீழ்த்தள வகுப்புகள் படிக்கட்டு வாயிலுக்கு வரவே கூடாது, ஜன்னல் பக்கத்து வராந்தா வழியாக வெளியேறட்டும். பை எடுக்கக்கூடாது, செருப்பு தேடக்கூடாது. டீச்சர் எடுக்கவேண்டிய ஒரே பொருள் வருகைப் பதிவேடு. மைதானத்தில் நின்று பெயர் வாசித்து, எண்ணிக்கையை ஹெச்.எம்.மிடம் சொல்லவேண்டும். அந்த வேளையில் வகுப்பில்லாத இரண்டு ஆசிரியர்கள் கழிப்பறை, லேப், ஸ்டோர் ரூம் மூன்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வரவேண்டும். உங்கள் கழிப்பறைப் பையன் பிழைப்பது இந்த ஒரு ஏற்பாட்டில்தான். நாங்கள் வந்து இறங்கியதும் முதலில் கேட்பது, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" அதற்கு ஒழுங்கான பதில் இல்லாத இடத்தில்தான் எங்கள் ஆளும் உள்ளே மாட்டிக்கொள்வான்.

தீயணைப்பு சிலிண்டரைப் பற்றி: நிறையப் பள்ளிகளில் அது ஹெச்.எம். அறையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். அறைக்கு வெளியே, வெளியேறும் வழியில் மாட்டுங்கள். முள் பச்சையில் இருக்கவேண்டும், பின்னில் சீல் இருக்கவேண்டும். பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து அடித்து, இடவலமாக வீசவேண்டும், கொழுந்தின் மேலே அடித்தால் பவுடர்தான் வீண். ஒரு சாதாரண சிலிண்டர் கால் நிமிடம் தாங்கினால் பெரிது. ஒன்றில் அணையவில்லை என்றால் கீழே போட்டுவிட்டுக் கிளம்புங்கள், வீரம் காட்டவேண்டாம். சத்துணவு அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள், எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டால் மூடவேண்டும்.

ஆண்டு விழா அன்று தனியாக ஒரு தடவை யோசியுங்கள். 1995 டிசம்பரில் ஹரியானா டப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் பற்றிக்கொண்டது, வெளியேற வழி போதவில்லை, இறந்தவர்கள் நானூறுக்கும் மேல். துணிப் பந்தல், சீரியல் லைட், ஜெனரேட்டர், அதோடு ஒரே வாசல்: நம் ஊர் ஆண்டு விழாவும் அதே சாமான்தானே?

கடைசி பெஞ்ச்:

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. என் அக்கா மகன் படிக்கிற தனியார் பள்ளியில் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் உரிமம், தீயணைப்புத் தடையில்லாச் சான்று, சுகாதாரச் சான்று நான்கையும் ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறார்கள். அதே பள்ளியில் இரண்டாவது மாடிப் படிக்கட்டின் அடியில் பழைய விடைத்தாள் மூட்டைகள். நான் காட்டிக் கேட்டால், "சார், சர்ட்டிஃபிகேட் இருக்கு" என்றார் ஒருவர். சான்றிதழ் தீயைப் படிக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன், அடுத்த மாதம் மூட்டை அங்கேயேதான் இருந்தது, கூட நாலு மூட்டை.

இன்னொன்று, திடீர் திடீரென்று மணி அடித்தால் பிள்ளைகள் பயந்துபோய்ப் படிக்கட்டில் விழுந்து அதுவே விபத்தாகிவிடாதா?

பழைய சைரன்:

முதல் இரண்டு தடவை சொல்லிவிட்டு அடியுங்கள். நடந்தே இறங்கட்டும். மூன்றாவது தடவைதான் சொல்லாமல் அடிக்கவேண்டும். பழகிய பிள்ளை பயப்படாது, பழகாத ஆசிரியர்தான் கத்துவார்.

சாக்பீஸ் டீச்சர்:

நான் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியை. எல்லாரும் தீயிலேயே நிற்கிறீர்கள். பள்ளியில் பிள்ளைக்கு ஆபத்து வருகிற வழிகளில் தீ ஒன்று, அவ்வளவுதான்.

சுவரைப் பாருங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் ஊர் ஊராகப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் சுவரோரம் ஒருமுறை நடந்து பாருங்கள், விரிசல் போன வருடத்தைவிட அகலமா என்று. நான் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைப்பேன். கோட்டைத் தாண்டினால் போட்டோ எடுத்து மனு. போட்டோவில் தேதியோடு கோடு தெரிந்தால் அதிகாரி ஒருவரும் "அது பழைய விரிசல்" என்று சொல்ல முடியாது.

லேப் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு பீரோதான். நான் இப்போதைய பள்ளிக்கு வந்த அன்று அதைத் திறந்தால் ஒரு பாட்டில், லேபிளில் பாதியை ஆவி தின்றிருந்தது, மீதியில் "...ரிக் அமிலம்" என்று மட்டும் இருந்தது. சல்ஃப்யூரிக்கா, நைட்ரிக்கா, ஹைட்ரோகுளோரிக்கா, யாருக்குத் தெரியும்? அதை வைத்து நான்கு வருடம் பாடம் நடத்தியிருக்கிறார்கள். லேபிளை எழுதி மேலே செல்லோடேப் ஒட்டுங்கள், அடர் அமிலத்தைக் கண் மட்டத்துக்குக் கீழே உள்ள தட்டில் வையுங்கள், பிள்ளை எக்கி எடுக்கும்போது முகத்தில் கொட்டாது. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றவேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது, இது எல்லா டீச்சருக்கும் தெரியும். தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் மறந்துவிடுவோம். கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் கால் மணி நேரமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவவேண்டும், அதற்குக் குழாயில் தண்ணீர் வரவேண்டும் இல்லையா?

அடுத்ததை நேராகவே சொல்கிறேன். பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போடுகிற "மாணவர் மனசு" பெட்டி எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. எங்கள் பள்ளியில் அதை ஹெச்.எம். அறைக்கு எதிரே, கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள். ஒரு வருடத்தில் விழுந்தது இரண்டு சீட்டு: ஒன்று "ஃபேன் ஓடவில்லை", இன்னொன்று யாரோ யாரையோ காதலிப்பதாக. எந்தப் பெண் பிள்ளை கேமரா பார்க்க நின்று ஒரு ஆசிரியரைப் பற்றி எழுதிப் போடும்? நூலக அறை மூலைக்கு மாற்றினோம். அந்த மாதமே ஒரு சீட்டு வந்தது, அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பெட்டிக்கும் சாவி உண்டு, அது யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள் வடக்குத்தெரு அண்ணா. ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் "உள்ளுக்குள் விசாரிக்கிறோம், பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்பதற்கெல்லாம் போக்சோ சட்டத்தில் இடமில்லை. தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். மறைத்தவர் நிறுவனத் தலைவராக இருந்தால் ஒரு வருடம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, இரண்டும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யார் பார்வையும் படாமல் படிக்க முடியும்.

தோஹோகு தமிழன்:

நான் வேலைக்காக ஜப்பான் வந்து ஒன்பது வருடம். பையன் இங்கே நடுநிலைப்பள்ளி. ஆண்டுக்குப் பல தடவை ஒத்திகை நடக்கும். தீக்கு ஒரு விதம், நிலநடுக்கத்துக்கு ஒரு விதம். பிள்ளைகளுக்கு "ஒஹாஷிமோ" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கிறார்கள், நான்கு வார்த்தைகளின் முதலெழுத்து: தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. என் பையன் வீட்டில் மாடிப்படி இறங்கும்போதுகூடச் சொல்வான். தமிழில் யாராவது இப்படி ஒன்றைக் கட்டிக் கொடுத்தால் நன்றாயிருக்கும்.

எழுத வந்தது வேறு விஷயம். 2011 மார்ச் 11 சுனாமியில் இரண்டு ஊர்ப் பள்ளிகளைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். காமாய்ஷியில் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் பல வருடமாகப் பழகியவர்கள். ஆட்டம் நின்றதும் யாருக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள், பக்கத்துத் தொடக்கப்பள்ளிச் சின்னப் பிள்ளைகள் கையையும் பிடித்துக்கொண்டு. முதலில் போய்ச் சேர்ந்த இடம் போதாது என்று தெரிந்ததும் இன்னும் மேலே போனார்கள். பிழைத்தார்கள். இஷினோமாகியில் ஒகாவா தொடக்கப்பள்ளி. பள்ளிக்குப் பின்னாலேயே மலை. ஆனால் எங்கே போவது என்று பேசிக்கொண்டே முற்றத்தில் ஏறக்குறைய 50 நிமிடம் நின்றுவிட்டார்கள். 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் போய்விட்டார்கள்.

பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம், அன்றைய தினத்துத் தவறோடு நிற்காமல், அதற்கு முன்பே சரியான திட்டம் போடாதது பள்ளியின், நகராட்சியின் தவறு என்றது. 2019இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. அந்தப் பள்ளியின் கையேட்டில் சுனாமி வந்தால் போகவேண்டிய இடம் என்று என்ன எழுதியிருந்தது தெரியுமா? காலி இடம், பூங்கா, அந்த மாதிரி. எந்தக் காலி இடம், எந்தப் பூங்கா என்று இல்லை.

அதனால் உங்கள் திட்டத்தில் "அருகிலுள்ள திறந்தவெளி" என்று எழுத விடாதீர்கள். "பஞ்சாயத்து ஆபீஸ் எதிரே உள்ள நெல் களம்" என்று எழுதுங்கள். அங்கே போக முடியாவிட்டால் எங்கே என்று இரண்டாவது பெயரும் எழுதுங்கள். ஹெச்.எம். அன்று லீவு என்றால் யார் முடிவு எடுப்பது என்று மூன்றாவது வரி. கடலோரத்துப் பள்ளிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளை ஒப்படைக்கவும் இங்கே தனி ஒத்திகை உண்டு. முன்பே பெயர் கொடுத்தவர் வந்து, டீச்சரிடம் சொல்லி, அவர் அட்டையில் குறித்த பிறகுதான் பிள்ளை கிளம்பும். நம் ஊரில் என்ன ஆகும்? வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போனால் பத்து நிமிடத்தில் ஊரே பைக்கில் வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும்?

ஊசி அக்கா:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தீயும் சுனாமியும் வருகிறபோது வரட்டும், பள்ளியிலிருந்து எங்களிடம் தினம் வருவது என்ன தெரியுமா? திங்கட்கிழமை காலை பிரேயரில் மயக்கம். முக்கால்வாசிப் பேர் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள்.

வலிப்பு வந்தால் இன்னும் சாவிக் கொத்தைத்தான் கையில் திணிக்கிறார்கள். இந்தத் திரியில் எல்லாரும் சாவியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன்: கேட்டைத் திறக்க சாவி வேண்டும், வலிப்புக்கு வேண்டாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றி இருக்கிற பெஞ்சை நகர்த்துங்கள், வாயில் ஸ்பூன், துணி எதையும் வைக்காதீர்கள், வாட்ச்சைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

சூட்டுக் காயத்துக்குப் பேஸ்ட், காபித்தூள், மாவு எதுவும் வேண்டாம், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குக் கூட்டிவாருங்கள். "லேசான கீறல்தான், நாளைக்குப் பார்க்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கொலுசு, மோதிரத்தைக் கழற்றுங்கள், காலை அசைக்காமல் ஸ்கேல் வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு வாருங்கள். நடக்க விடாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் சிலசமயம் வலியே இருக்காது, அதனால் "ஒன்றும் இல்லை டீச்சர்" என்று பிள்ளை சொன்னாலும் கூட்டி வாருங்கள். பாம்பை அடித்து எடுத்துவருவது தேவையில்லை, அதைத் தேடப் போய் இன்னொருவர் கடி வாங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வகுப்பில் யாருக்கு வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு என்று ஒரு பக்கம் எழுதி வருகைப் பதிவேட்டின் கடைசியில் ஒட்டிவிடுங்கள். பதிவேடுதான் எப்படியும் கூடவே வரப்போகிறதே. புது டீச்சர் வந்தாலும் தெரியும். ஆனால் அதைப் பிள்ளைகள் முன்னால் வாசிக்க வேண்டாம்.

108க்குப் போன் செய்பவர் பள்ளிப் பெயரை மட்டும் சொல்கிறார். ஒரே பெயரில் மூன்று ஊரில் பள்ளி இருக்கிறது. பக்கத்தில் என்ன கோயில், என்ன ரைஸ் மில் என்று சொல்லுங்கள், ஒரு பையனை ரோட்டு முனையில் நிறுத்துங்கள்.

வடக்குத்தெரு அப்பா:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பின்கேட்டில் உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று, எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை. பழைய பூட்டும் இருக்கிறது, ராத்திரிக்கு மட்டும். காலையில் பிரேயருக்கு முன்னால் அதைக் கழற்றி ஹெச்.எம். மேஜையில் வைக்கவேண்டும். அந்த அக்காதான் வைக்கிறார், வைத்துவிட்டு, "அம்மா, பூட்டு வந்திருச்சு" என்று அட்டெண்டன்ஸ் சொல்வதுபோலச் சொல்கிறாராம். பெஞ்சுகளை ஏலம் விட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம், அதுவரை மைதானத்து மூலையில் கிடக்கின்றன. தண்டவாளத் துண்டு கிடைக்கவில்லை, லாரிப் பட்டறையில் ஒரு பழைய ஸ்பிரிங் பட்டைத் துண்டு கிடைத்தது, சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிறது. ஆர்.சி.சி.பி. மாற்றிவிட்டேன்.

"மாணவர் மனசு" பெட்டி விஷயத்தில்தான் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். சாக்பீஸ் டீச்சர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். இடம் மாறியது. இரண்டாவது சாவி குழுவில் உள்ள ஒரு அம்மாவிடம்.

இரண்டாவது ஒத்திகை: 4 நிமிடம் 10 விநாடி. எண்ணிப் பார்த்ததில் ஒருவர் குறைந்தார், தேடினால் அவன் அன்றைக்கு லீவு, பதிவேட்டில் ஆஜர் போட்டிருக்கிறது! அது வேறு கதை, ஹெச்.எம். பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. பத்தாம் வகுப்பில் ஒரு பெண், காலுக்குக் காலிப்பர் போட்டிருக்கிறாள். படிக்கட்டில் அவள் ஒவ்வொரு படியாக இறங்க, பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி, "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டாள். கடைசியாக வந்தாள். இத்தனை நாள் தினமும் இரண்டு வேளை அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறாள், எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இதற்கு என்ன செய்வது, ஐயா?

பழைய சைரன்:

இதை நான் முதல் பதிலிலேயே கேட்டிருக்கவேண்டும், விட்டுவிட்டேன், என் தப்பு. யாரையும் தூக்கிக்கொண்டு இறங்கச் சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்து, ஏழாம் வகுப்பை மாடிக்கு அனுப்புங்கள். ஒரு பைசா செலவில்லை, டைம்டேபிளைத் திருத்தி எழுதவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்காக என்று வகுப்பில் அறிவிக்காதீர்கள். திங்கட்கிழமை வந்தால் அறை மாறியிருக்கட்டும்.

மூன்றாவது ஒத்திகையை மழை பெய்கிற நாளில் வையுங்கள். பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள், ஆசிரியர்கள் குடை எடுக்கத் திரும்பிப் போகிறார்களா என்று பாருங்கள்.

வடக்குத்தெரு அப்பா:

அறை மாற்றியாயிற்று. மழைக்குத்தான் காத்திருக்கிறோம்.